ஆமெனுக்கு முன்னால் ஓர் ஊசி

ஜூலை 9, செவ்வாய்

மின்தடை: காலையில் இரண்டு முறை. காற்று: பலம். காபி: படுமோசம். போட்டது நான்.

மின்வாரியத்தில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்று எத்தனையோ வருடமாகிவிட்டது. இன்னும் நாட்குறிப்பை இப்படித்தான் ஆரம்பிக்க வருகிறது. லைன் பழுதை எழுதி எழுதிப் பழகிய கை. சீலி கேலி செய்வாள். "பொண்டாட்டி பேரு ஒரு நாளாவது அதுல வருதா அத்தான்? டிரான்ஸ்பார்மர் பேருதான் வருது" என்பாள்.

சரி, எழுதிவிடுகிறேன். பாக்கியசீலி. மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்ந்து தலைமை நர்ஸாக ஓய்வு பெற்றவள். பாளையங்கோட்டையில் எங்கள் தெருவுக்கும் அடுத்த நாலு தெருவுக்கும் சீலி சிஸ்டர். எனக்குப் பெண்சாதி. போன மாதக் கடைசியில் அடக்கம் செய்தோம். இருதயம். காலையில் எனக்கு இன்சுலின் ஊசி போட்டுவிட்டு, கை கழுவி, கோயிலுக்குப் பூ பறிக்கத் தோட்டத்துக்குப் போனவள்தான்.

நான் நன்றாக இருக்கிறேன். எல்லாரும் கேட்கிறார்கள், அதனால் எழுதி வைக்கிறேன்.

மகள் ஹெப்சி சென்னையிலிருந்து பேசினாள். குசலம் எல்லாம் இல்லை, நேராக விஷயத்துக்கு வந்துவிட்டாள். அம்மா மாதிரியே.

"அப்பா, ஊசிக்கு என்ன பண்ணுதீங்க?"

"ஜாஸ்மின் வந்து போடுது."

"ஜாஸ்மின் அடுத்த மாசம் குவைத்துக்குப் போறா. அப்புறம்?"

"அப்புறம் பார்ப்போம்."

"பார்க்கறதுக்கு ஒண்ணும் இல்ல. அம்மாவோட நினைவு ஆராதனை முடிஞ்சதும் எங்கூட வந்துருங்க. ஏழாவது மாடி, நல்ல காத்து. லிஃப்ட் இருக்கு."

"எனக்கு இங்கேயே காத்து வருது. வேணும்னா கொஞ்சம் பார்சல் அனுப்புதேன்."

"விளையாடாதீங்கப்பா. நீங்களே ஊசி போட்டுக்கிடுவீங்கன்னா அங்கயே இருங்க. இல்லன்னா பெட்டியக் கட்டுங்க."

இவ்வளவுதானா என்று நினைத்தேன். பதினோராயிரம் வோல்ட் லைனுக்குக் கீழே நின்று வேலை பார்த்தவன் நான். விரல் நீள ஊசிக்கா பயம்? "நானே போட்டுக்கிடுதேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு போனை வைத்தேன். வைத்த பிறகு உள்ளங்கை வேர்த்திருந்தது. காற்று இவ்வளவு பலமாக அடித்துக்கொண்டிருந்தும் வேர்த்தது.

ஜூலை 10, புதன்

ஜாஸ்மின் ஏழு மணிக்கு ஸ்கூட்டரில் வந்தது. சீலியிடம் நர்சிங் படித்த பெண். தெருமுனை கிளினிக்கில் வேலை. கையில் ஊசி போட்டதே தெரியவில்லை.

"என்ன அங்கிள், கத்தவே இல்ல? நீங்க கத்துனா மூணாவது வீடு வரைக்கும் கேக்கும்னு சிஸ்டர் சொல்லுவாங்க. தினமும் கத்துவீங்களாமே?"

"அடுத்த வீட்டுப் பிள்ளைகிட்ட கத்துனா மரியாதையா இருக்குமா?" என்றேன்.

அது ஒரு மாதிரி என்னைப் பார்த்துவிட்டுப் போனது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதையும் நம்பத் தெரியவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

கோயிலுக்குப் போனேன். தனியாகப் போகிறேனே என்று யாரும் பரிதாபப்படவில்லை. அல்லது பரிதாபப்பட்டதை நான் பார்க்கவில்லை. நான் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாலாவது ஃபேனில் பேரிங் போய்விட்டது.

ஆராதனை முடிந்து வெளியே வரும்போது பாஸ்டர் என்னை ஓரமாக அழைத்தார். இந்த ஊருக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. நல்ல மனிதர், இளவயது.

"ஐயா, ஒரு சந்தேகம். உங்ககிட்ட கேக்கலாமான்னு தெரியல. நான் ஜெபம் பண்ணும்போது பாதி சபை ஒரு கண்ணைத் திறந்து வச்சிருக்கு. பெரியவங்க, படிச்சவங்க, கமிட்டி மெம்பருங்க எல்லாரும். நான் ஆமென் சொல்லப் போறேன்னு தெரிஞ்சா, உடம்பை அப்படியே விறைச்சுக்கிறாங்க. என் ஜெபத்துல ஏதாவது தப்பா?"

சிரிப்பை அடக்க முடியவில்லை. "உங்க தப்பு ஒண்ணும் இல்ல பாஸ்டர். எல்லாம் எங்க வீட்டம்மா பார்த்த வேலை" என்றேன்.

சொன்னேன். சீலியின் வழக்கம் அது. ஊசி போடுவதற்கு முன்னால் ஜெபம் பண்ணாமல் போட மாட்டாள். வந்தவர் யாராக இருந்தாலும் சரி, கிறிஸ்தவரோ, இந்துவோ, பீடிக்கடை சாகுல் அண்ணனோ, "கண்ண மூடுங்க, ஜெபிப்போம்" என்பாள். பேர் சொல்லி, வியாதி சொல்லி, வீட்டிலுள்ளவர்களைச் சொல்லி, நிதானமாக ஜெபிப்பாள். கேட்கிறவன் உருகிப் போயிருப்பான். ஆமெனுக்குச் சரியாக ஒரு சொல்லுக்கு முன்னால் ஊசி இறங்கிவிடும். ஆமென் சொல்ல வேண்டியவன் "ஆ" என்று ஆரம்பித்து அலறி முடிப்பான். இப்படி இரண்டு தலைமுறை. அந்த இரண்டு தலைமுறையும்தான் இன்று ஞாயிற்றுக்கிழமை காலையில் பாஸ்டருக்கு முன்னால் ஒற்றைக் கண்ணோடு உட்கார்ந்திருக்கிறது.

பாஸ்டர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு, "நினைவு ஆராதனையில வாசிக்க அம்மாவோட வாழ்க்கைக் குறிப்பை நீங்களே எழுதிக் கொடுங்களேன்" என்றார். எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். இப்போதெல்லாம் எதைக் கேட்டாலும் சரி என்று சொல்லிவிடுகிறேன். இது நல்லதற்கில்லை.

ஜூலை 17, புதன்

ஜாஸ்மின் இன்று பாடம் ஆரம்பித்தது. முதல் நோயாளி கத்தரிக்காய். மருந்துக்குப் பதில் தண்ணீர். புட்டியை உள்ளங்கையில் உருட்டி, சிரிஞ்சில் இழுத்து, காற்றுக் குமிழியைத் தட்டி, குத்த வேண்டும். எல்லாம் பிசகில்லாமல் செய்தேன். கத்தரிக்காய் சத்தமே போடவில்லை.

"சூப்பர் அங்கிள்! இப்போ தொடையில."

"நாளைக்குப் பார்ப்போம்."

ஜூலை 18, வியாழன்

கத்தரிக்காய். நன்று.

ஜூலை 19, வெள்ளி

இன்றும் கத்தரிக்காய்தான். பக்கத்து வீட்டுச் செல்லத்தாய் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, அந்தக் காய எல்லாம் இங்க தாங்க, புளிக்குழம்பு வைக்கேன். சுகர் இல்லாத கத்திரிக்கா எங்க கிடைக்கும்?" என்றாள். மத்தியானம் குழம்பு வந்தது. நல்ல ருசி.

ஜூலை 22, திங்கள்

மின்தடை: இல்லை. மாலையில் நடைப்பயிற்சி. சர்க்கரைக்கு நடை நல்லது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். போகிற வழியில் கல்லறைத் தோட்டம். போகிற வழி என்றால் கொஞ்சம் சுற்றுவழி. ரயில்வே கேட் வரை போய்த் திரும்ப வேண்டும்.

சிமெண்டு இன்னும் காயவில்லை. யாரோ ரோஜா வைத்திருந்தார்கள். நேற்று யாரோ மல்லிகை வைத்திருந்தார்கள். முந்தின நாளும் ஏதோ பூ. சர்க்கரை நன்றாகக் குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஜூலை 24, புதன்

வாழ்க்கைக் குறிப்பு எழுத உட்கார்ந்தேன். பிறப்பு, படிப்பு, பணியில் சேர்ந்தது, பதவி உயர்வு, ஓய்வு. ஒன்றரைப் பக்கம். வாசித்துப் பார்த்தால் புதிய துணைமின்நிலையம் திறந்து வைத்த அறிக்கை மாதிரி இருந்தது.

செல்லத்தாயிடம் வாசித்துக் காட்டினேன். வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டாள்.

"இது யாரு அண்ணாச்சி?"

"சீலிதான்."

"இது நம்ம அக்காவா? எங்க சைக்கிளு? எங்க என் பிரசவம்? சொல்லுதேன், எழுதுங்க."

எழுதினேன். அவள் சொன்னபடியே இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

செல்லத்தாய்க்கு மூத்த பிள்ளை பிறந்தபோது சீலியும் நிறைமாசம். லீவு போட மாட்டேன் என்று டியூட்டிக்கு வந்துகொண்டிருந்தாள். செல்லத்தாய் பிரசவ அறையில் கத்து கத்தென்று கத்த, சீலி தன் வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு மற்றொரு கையால் பிள்ளையைப் பிடித்தாள். தொப்புள்கொடி வெட்டி, துடைத்து, "பையன், பாரு தாயி" என்று காட்டிவிட்டுக் கையைக் கழுவினாள். கழுவின கையோடு, "மேட்ரனம்மா, அடுத்த கட்டிலை எனக்குப் போடுங்க" என்றாளாம். அன்று சாயங்காலம் ஹெப்சி பிறந்தாள்.

"அந்த வலியிலயும் எனக்குக் காபி வந்துதான்னு கேட்டுச்சு அண்ணாச்சி" என்று சொல்லிச் செல்லத்தாய் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். கீரை ஆய்ந்தால் மூக்கில் தண்ணீர் வராது. நான் அடுத்த வரிக்குப் போனேன்.

சைக்கிள் கதை எனக்கே தெரியும். ஆஸ்பத்திரி வாசலில் இருந்த அவள் சைக்கிளை எவனோ கொண்டுபோய்விட்டான். நான் போலீஸுக்குப் போகலாம் என்று குதித்துக்கொண்டிருந்தேன். இரவு குடும்ப ஜெபத்தில் முழங்கால் போட்டு, "ஆண்டவரே, சைக்கிள எடுத்துட்டுப் போன பிள்ளைக்கு அதுல பிரேக்கு சரியில்லன்னு தெரியாது. இறக்கத்துல அவனைக் காப்பாத்தும்" என்று ஜெபித்தாள். நான் ஆமென் சொல்லவில்லை. ஆமென் சொல்லாமல் சோறு கிடையாது என்றாள். பிறகு சொன்னேன்.

இரவுப் பணி முடிந்து நேராக ஞாயிறு ஆராதனைக்கு வருவாள். பிரசங்கம் முழுக்க கண்ணை மூடி நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாள். என்ன பக்தி என்று எல்லாரும் மெச்சுவார்கள். நல்ல தூக்கம். பக்கத்தில் உட்கார்ந்த எனக்கு மட்டும் லேசாகக் குறட்டை கேட்கும். இதை வாழ்க்கைக் குறிப்பில் சேர்க்கலாமா என்று பாஸ்டரிடம் கேட்க வேண்டும்.

ஜூலை 25, வியாழன்

விட்டுப்போனது ஒன்று. எங்கள் கல்யாணம்.

அப்போது நான் வயர்மேன். துருப்பிடித்த இரும்பில் காலைக் கிழித்துக்கொண்டு அம்மாவோடு மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஊசி என்றதும் எழுந்து ஓடினேன். கம்பத்தில் ஏறுகிறவன் ஓடினால் யார் பிடிப்பது? ஒல்லியாக ஒரு நர்ஸ் வராந்தா முழுக்கத் துரத்தி வந்து சட்டைக் காலரைப் பிடித்தாள். "கண்ண மூடுங்க, ஜெபிப்போம்" என்றாள். நல்ல பிள்ளையாகக் கண்ணை மூடினேன். அதற்கப்புறம் ஆஸ்பத்திரியே கேட்கிற மாதிரி ஆமென் சொன்னேன்.

வெளியே வந்து அம்மா சொன்னது: "உன்னைய ஓடிப் புடிக்க ஒருத்தி கிடைச்சிட்டா. விடக்கூடாது." அடுத்த வாரமே பெண் கேட்டுப் போய்விட்டாள்.

ஜூலை 28, ஞாயிறு

இன்று தொடையில் வைத்துப் பார்த்தேன். வைத்தேன், அவ்வளவுதான். ஜாஸ்மின் எதிரே உட்கார்ந்து, "குத்துங்க அங்கிள், குத்துங்க" என்றது. குத்தவில்லை. காபி ஆறிப்போனது.

"பயமா இருக்கா அங்கிள்?"

"ஆமா, பயம்தான்."

பயம் என்றே எழுதி வைக்கிறேன். வேறு என்ன எழுத? தினம் காலையில் அந்த ஸ்டூலில் ஒருத்தி உட்கார்ந்து மருந்து புட்டியை உருட்டுவாள். அந்த ஸ்டூலில் நான் உட்கார்ந்துவிட்டால் பிறகு அது என் ஸ்டூல் ஆகிவிடும். இதையெல்லாம் ஜாஸ்மினிடம் சொன்னால் தலையில் அடிபட்டிருக்கிறதா என்று பார்க்கும்.

கடைசியில் அதுவே போட்டுவிட்டது.

ஜூலை 31, புதன்

முடியவில்லை.

ஆகஸ்ட் 1, வியாழன்

முடியவில்லை. கத்தரிக்காய்ப் புளிக்குழம்பும் இனி இறங்காது போலிருக்கிறது.

ஆகஸ்ட் 3, சனி

ஹெப்சி வந்துவிட்டாள். கூடவே காலிப் பெட்டி ஒன்று. பெரியது. சக்கரம் வைத்தது. எனக்காம்.

"திங்கட்கிழமை சாயங்காலம் ரயில். ரெண்டு டிக்கெட்டு. போட்டுக் காட்டுனீங்களாப்பா, ஜாஸ்மின்கிட்ட?"

"கத்தரிக்காய்க்குப் போட்டேன்."

"கத்திரிக்காயச் சென்னைக்குக் கூட்டிட்டுப் போகலை. உங்களத்தான் கூட்டிட்டுப் போறேன்."

நான் போக முடியாததற்குக் காரணங்களை அடுக்கினேன். மோட்டாருக்கு வால்வு மாற்ற வேண்டும். கோயில் ஃபேன் பேரிங். மாமரத்துக்குத் தண்ணீர். செல்லத்தாய் வீட்டு மீட்டர் பெட்டி. ஹெப்சி ஒவ்வொன்றுக்கும் விரலை மடக்கிக்கொண்டு கேட்டாள். கேட்டு முடித்துவிட்டு, "அப்பா, தினமும் கல்லறைத் தோட்டத்துக்குப் போறீங்களாமே" என்றாள்.

"அது நடைப்பயிற்சி."

"பூ வாங்கிட்டுப் போறீங்களாம். பூக்கார அக்கா சொன்னாங்க."

இந்த ஊரில் ஒருவர் வாய்க்கும் பூட்டு இல்லை.

ஹெப்சி கெட்டவள் இல்லை. எனக்கு ஒன்று ஆகிவிட்டால் பிறந்த வீட்டில் தான் மட்டும் மிச்சம் என்று பயப்படுகிறாள். அவள் முகத்தில் அது தெரிகிறது. அதனால்தான் என்னால் சண்டை போட முடியவில்லை. வேட்டி நாலு எடுத்துப் பெட்டியில் வைத்தேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

நினைவு ஆராதனை. கோயில் நிறைந்து வராந்தாவிலும் நாற்காலி போட்டார்கள். சாகுல் அண்ணன் தொப்பியோடு முதல் வரிசையில். செல்லத்தாய் பட்டுச்சேலையில்.

வாழ்க்கைக் குறிப்பை ஹெப்சி வாசித்தாள். "அடுத்த கட்டிலை எனக்குப் போடுங்க" என்ற இடத்தில் கோயிலே சிரித்தது. சைக்கிள் ஜெபத்துக்கு இன்னும் பலமாகச் சிரித்தது. குறட்டையைப் பாஸ்டர் வெட்டிவிட்டார், நல்ல மனிதர்தான், ஆனாலும் பாஸ்டர்.

பிறகு பாஸ்டர் ஜெபித்தார். நீளமான ஜெபம், மனதைத் தொடுகிற ஜெபம். எல்லாரும் தலை குனிந்திருந்தார்கள். "...இந்தத் தாயைத் தந்ததற்காக உமக்கு நன்றி செலுத்துகிறோம்" என்று குரலைத் தாழ்த்தி ஒரு கணம் நிறுத்தினார். அவ்வளவுதான். ஆமெனுக்கு முன்னால் முந்நூறு பேர் ஒரே நேரத்தில் இடுப்பை இழுத்து, தோளைச் சுருக்கினார்கள். பெஞ்சுகள் எல்லாம் 'கிரீச்' என்றன. சாகுல் அண்ணன் இரண்டு கையாலும் பின்பக்கத்தை மூடிக்கொண்டார்.

நான் சிரித்துவிட்டேன். வாய்விட்டு. மனைவியின் நினைவு ஆராதனையில். ஹெப்சி என் தொடையைக் கிள்ளினாள். அவளும் பார்த்தாள், அவளும் சிரித்தாள். பிறகு பாஸ்டர் சிரிக்க, கோயில் முழுக்கச் சிரிப்பு. அந்த ஆமென் மாதிரி ஒரு ஆமெனை அந்தக் கோயில் கேட்டிருக்காது.

சாட்சி சொல்ல ஜாஸ்மின் எழுந்தது. இன்று மாலை விமானம் ஏறுகிற பெண், அவசரமாக வந்திருந்தது.

"எல்லாரும் சிரிக்கீங்க. நானும் படிக்கும்போது சிரிச்சேன். ஒரு நாள் கேட்டுட்டேன், சிஸ்டர், வலி தெரியாம இருக்கவா ஜெபம் பண்ணுதீங்கன்னு. இல்லட்டி, அது அவங்களுக்கு இல்ல, என் கைக்குன்னாங்க. நர்ஸா சேர்ந்த நாள்லேர்ந்து ஊசி எடுத்தா கை நடுங்குமாம். அடுத்தவங்கள வலிக்கப் பண்ணப் போறோமேன்னு. கை நிக்கிற வரைக்கும் ஜெபிப்பாங்களாம். நின்னதும் குத்திருவாங்களாம். ஹெப்சி அக்காவுக்குச் சின்ன வயசுல தடுப்பூசி போட அவங்களால முடியவே இல்லியாம். வேற நர்ஸக் கூப்பிட்டுப் போடச் சொல்லிட்டு வெளிய போய் நின்னாங்களாம்." ஜாஸ்மின் என்னைப் பார்த்தது. "வேண்டியவங்கன்னா ரொம்ப நடுங்குமாம். 'எங்க வீட்டுக்காரருக்கு இன்சுலின் ஆரம்பிச்சு இத்தன வருஷம் ஆச்சு, இன்னும் தினமும் நடுங்குதுட்டி'ன்னு சொல்லுவாங்க."

ஆட்டுக்கறியும் சோறும் பரிமாறினார்கள். சாப்பிட்டேன். என்ன ருசி என்று தெரியாது.

எனக்கு ஊசி போடும் முன் பண்ணுகிற ஜெபம்தான் ஊரிலேயே நீளமானது. காபி ஆறிவிடும். "போதும்டி, ஆண்டவருக்கு வேற வேலை இருக்கு" என்று நான் முணுமுணுப்பேன். அவள் கை நடுங்கியது எனக்குத் தெரியாது. நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 5, திங்கள்

ஹெப்சி செல்லத்தாயைக் கூட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனாள். அவள் பிள்ளைகளுக்கு அல்வா வாங்க வேண்டுமாம். திரும்பி வந்து ஊசி போடுவதாகச் சொன்னாள். ஜாஸ்மினிடம் கற்றுக்கொண்டிருக்கிறாள். பெட்டி வாசலில் நின்றது.

நான் சமையலறைக்குப் போய் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

புட்டியை உருட்டினேன். மருந்தை இழுத்தேன். குமிழியைத் தட்டினேன். வேட்டியை ஒதுக்கித் தொடையைப் பிடித்தேன். கை நடுங்கியது. கம்பத்து உச்சியில் காற்றடிக்கும்போதுகூட இப்படி நடுங்கியதில்லை.

நான் சத்தமாக ஜெபம் பண்ணியதே கிடையாது. இந்த வீட்டில் ஜெபம் அவள் இலாகா, ஆமென் என் இலாகா. தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன். "ஆண்டவரே, தவசிமுத்து பேசுதேன். சீலி வீட்டுக்காரன். கை நடுங்குது. அவளுக்கும் நடுங்குமாம், உமக்குத் தெரிஞ்சிருக்கும். அவ கையப் புடிச்ச மாதிரி என் கையையும் கொஞ்சம் புடியும். ஹெப்சி தனியாப் போறதுக்கு வருத்தப்படாம பாத்துக்கிடும்."

கண்ணைத் திறந்து வைத்திருந்தேன். என் உடம்பில் இறங்கப் போகிற ஊசியை முதல்முறையாகக் கண் மூடாமல் பார்த்தேன். எவ்வளவு சின்னது! இதற்கா இத்தனை வருடமாக? கை நின்றது. குத்தினேன். மருந்து உள்ளே போனது. பத்து எண்ணிவிட்டு எடுத்தேன். பிறகுதான் ஆமென் சொன்னேன்.

ஹெப்சி வந்ததும் காலி சிரிஞ்சைக் காட்டினேன்.

"கத்திரிக்கா எங்கப்பா?" என்றாள்.

தொடையைக் காட்டினேன். சின்னச் சிவப்புப் புள்ளி. அவள் குனிந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். எழுந்தபோது கண் கலங்கியிருந்தது. ஆனாலும் அம்மா மகள் அல்லவா, உடனே நம்பிவிடுவாளா?

"நாளைக்கு என் கண்ணு முன்னால போடுங்க. அப்புறம் பேசுவோம்." ரயில் டிக்கெட்டை மாற்றிவிட்டாள். ஒன்றுதான் மாற்றினாள். மற்றதை ரத்து செய்ததை நான் பார்க்காதது மாதிரி இருந்துகொண்டேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

ஹெப்சி எதிரில் உட்கார்ந்தாள். ஜெபித்தேன். குத்தினேன். "ஆ" என்று கத்தினது ஹெப்சி.

ஆகஸ்ட் 7, புதன்

ஹெப்சியை ரயில் ஏற்றிவிட்டேன். எனக்கென்று வந்த பெட்டி என் வேட்டி ஒன்றுகூட இல்லாமல் திரும்பியது. அதற்குள் செல்லத்தாய் முறுக்கு, அதிரசம், மாங்காய் ஊறுகாய் என்று திணித்துவிட்டதால் தூக்க முடியவில்லை.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "தினமும் காலையில போன் பண்ணணும்ப்பா. ஊசி போட்டுட்டுச் சொல்லணும். ஒரு நாள் போன் வரலன்னாலும் நான் கிளம்பி வந்துருவேன்" என்றாள்.

"சரி மகளே."

"அம்மா இருந்தா சந்தோசப்படுவா."

"அம்மா இருந்தா இந்தத் தொல்லையே இல்லியே" என்றேன். சிரித்துக்கொண்டே அழுதாள். ரயில் போய்விட்டது.

ஆகஸ்ட் 8, வியாழன்

வீட்டில் யாரும் இல்லை. ஊசி போட்டாயிற்று. ஹெப்சிக்குப் போன் செய்தாயிற்று. சாயங்காலம் கோயிலில் ஃபேன் பேரிங் மாற்ற வேண்டும்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும் சீலி. வேறு எங்கே எழுதுவது?

ஊசி வலிக்கவில்லை. இன்று மட்டும் இல்லை, ஒரு நாளும் வலித்ததில்லை. எறும்பு கடிக்கிற அளவுகூட இல்லை. நான் கத்தினால் நீ குனிந்து அந்த இடத்தில் ஊதுவாய். "ஊதுனா கிருமி படும், ஊதக் கூடாதுன்னு நர்சிங் பிள்ளைகளுக்குப் படிச்சுக் குடுக்கவளே நான்தான். உங்களுக்காகத் தினமும் தப்பு பண்ணுதேன் அத்தான்" என்று சொல்லிக்கொண்டே ஊதுவாய். அதற்காகத்தான் கத்தினேன். ஒவ்வொரு நாளும் அதற்காக மட்டும்தான் கத்தினேன்.

இன்று ஊசியை எடுத்த பிறகு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எதற்காகக் காத்திருக்கிறேன் என்று முதலில் எனக்கே புரியவில்லை. பிறகு புரிந்தது. புரிந்ததும் அழுதேன். சத்தம் போட்டு, மூணாவது வீட்டுக்குக் கேட்கிற மாதிரி அழுதேன்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து செல்லத்தாய் பதறிப்போய்க் கேட்டாள். "அண்ணாச்சி! என்ன, ஊசி வலிக்கா?"

"ஆமா தாயி," என்றேன். "இன்னைக்கு வலிக்கு."